தரிசுதானே என்று காட்டாமணக்குக்கு நிலம் கேட்டு வந்தால்

"சும்மா கிடக்கிற தரிசுதானே, பயோடீசலுக்குக் காட்டாமணக்கு (கொட்டையிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஜட்ரோபா செடி) போடலாம்" என்று யாராவது வந்து பேசினால், முதலில் அந்த "சும்மா"வைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2003-ல் திட்டக் கமிஷன் குழு நாடு முழுக்க 1.34 கோடி ஹெக்டேர் இதற்குத் தோதுப்படும் என்று கணக்குப் போட்டது. காகிதத்தில் தரிசுதான், ஆனால் நம்ம பக்கம் அதில் ஆடு மேய்கிறது, சீமைக்கருவேல் வெட்டிக் கரி சுடுகிறார்கள், மழை பெய்தால் உளுந்தும் விதைக்கிறார்கள்.

அதனால் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அ-பதிவேட்டில் (ஊரின் நிலங்களையெல்லாம் வகை பிரித்து எழுதிய பதிவேடு) அந்த சர்வே எண் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள்: பட்டாவா, மேய்ச்சல் புறம்போக்கா, அரசுத் தரிசா? புலப்படத்தை (நிலத்தின் எல்லை காட்டும் வரைபடம்) எடுத்துக்கொண்டு, அங்கே ஆடு மேய்க்கிறவர்களில் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நிலத்தை ஒரு சுற்று நடந்து வாருங்கள். எந்தப் பாதையில் ஆடு போகிறது, எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது, எந்த வீட்டு அடுப்புக்கு விறகு அங்கிருந்து வருகிறது எல்லாமே அவர்களுக்குத்தான் தெரியும். படம் எடுங்கள், தேதியோடு எழுதி வையுங்கள். காட்டாமணக்கு இலையை ஆடு கடிக்காது, புண்ணாக்கும் விஷம், மாட்டுக்கு ஆகாது. மேய்ச்சல் போனால் போனதுதான்.

மானாவாரி செய்கிற நிலம் அடங்கலில் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கு) வருஷக்கணக்காகத் தரிசு என்றே பதிவாகியிருந்தால் உடனே மனு கொடுத்துத் திருத்துங்கள், பின்னால் சண்டை வந்தால் பேசுவது அந்தத் தாள்தான்.

பொது நிலம் என்றால் கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டு நகல் வாங்கி, திங்கள்கிழமை கலெக்டரிடம் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். ஊர்ப் பொது நிலத்தை மீட்டு ஊருக்கே கொடுக்கச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் ஜக்பால் சிங் தீர்ப்பையும் (2011) அதில் குறிப்பிடலாம்.

சரி, சொந்தப் பட்டா நிலம், கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறதா? ஒழுங்காகக் காய்க்கவே மூணு நாலு வருஷம் ஆகும், தண்ணீர் விடாமல் நல்ல மகசூலும் வராது. அதுவரை வருமானத்துக்கு யார் பொறுப்பு, கொட்டையை என்ன விலைக்கு எடுப்பார்கள், கம்பெனி போய்விட்டால் நிலம் எப்படித் திரும்பும், மூன்றையும் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். தான்சானியாவின் கிசராவேயில் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் இதே காட்டாமணக்குக்காக 8,000 ஹெக்டேருக்கு மேல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்து 2011-ல் நொடித்துப் போனது, கிராமத்தாருக்கு நிலம் கைக்குத் திரும்பவில்லை.

அப்புறம், பொது அதிகாரப் பத்திரம் (உங்கள் சார்பில் நிலத்தின் மேல் முடிவெடுக்கும் உரிமையை இன்னொருவருக்குக் கொடுக்கும் பத்திரம்) கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள், குத்தகை என்றால் குத்தகையாகவே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யட்டும்.