பட்டர்கிரீம் மீது ஏர்பிரஷ் நிறம் வழிந்ததைச் சரிசெய்த விதம்

காற்றை அழுத்தித் தரும் சிறிய கம்ப்ரசருடன் கூடிய, நிறத்தைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ் ஒன்றை வாங்கி வீட்டில் கேக் அலங்காரத்தைத் தொடங்கியபோது, ஃபாண்டன்ட் (மாவுபோல் பிசைந்து விரிக்கும் சர்க்கரை உறை) மீது சீராகப் படிந்த நிறம், வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடித்த பட்டர்கிரீம் மீது மட்டும் முத்து முத்தாகத் திரண்டு வழிந்தது. கருவியில் குறையில்லை, வெண்ணெயின் கொழுப்பு, நீரில் கரைந்த நிறத்தை எளிதில் ஏற்பதில்லை என்பதே காரணம்.

எனவே கேக்கைக் குளிர்சாதனப் பெட்டியில் இறுகவைத்து, வெளியே எடுத்ததும் மேற்பரப்பில் நீர்த்துளி அரும்புவதற்குள் (சென்னைப் புழுக்கத்தில் இதற்குச் சில நிமிடங்களே கிடைக்கும்) தெளிக்கத் தொடங்கினேன். காற்றழுத்தத்தை 15 முதல் 20 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) அளவில் வைத்து, முனையைச் சுமார் 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, கையை ஓரிடத்தில் நிறுத்தாமல் மெல்லிய படலமாக அடித்து, அது உலர்ந்த பின்னரே அடுத்ததைச் சேர்த்தேன். அடர்சிவப்பை ஒரே மூச்சில் வரவழைக்க முயல்வது வீண் என்பது என் கருத்து.

இடையிடையே புள்ளிகள் தெறித்ததற்கு ஊசிமுனையில் காய்ந்திருந்த நிறமே காரணம். நிறம் மாற்றும்போதெல்லாம் வெதுவெதுப்பான நீரை ஏர்பிரஷின் நிறக் கிண்ணத்தில் ஊற்றித் தெளித்துக் கழுவியதும் அது நின்றது. இரட்டை விசை கொண்ட (காற்றையும் நிறத்தையும் தனித்தனியே கட்டுப்படுத்தும்) கருவியில் முதலில் காற்றையும் பிறகு நிறத்தையும் திறந்து, முடிக்கும்போது நிறத்தை முதலில் அடைப்பதும் தெறிப்பைத் தடுக்கிறது.