கிராபிக்ஸ் கார்டு டிரைவர் அப்டேட் பண்றது எப்படி? புதுசா பண்றவங்களுக்கு ஒவ்வொரு ஸ்டெப்பா

டிரைவர்ங்கறது ஸ்க்ரீன்ல படம் காட்டற கிராபிக்ஸ் கார்ட விண்டோஸ் இயக்க உதவற சாஃப்ட்வேர். போன மாசம் என் அக்கா பையன் போன் பண்ணி, "மாமா, கேம் ஓப்பன் பண்ணா ஸ்க்ரீன் கருப்பாகி திரும்ப டெஸ்க்டாப்புக்கே வந்துடுது"ன்னான். போய் பாத்தா, "உங்க டிரைவர் பழசாயிடுச்சு"ன்னு நெட்ல வந்த ஏதோ விளம்பரத்த கிளிக் பண்ணி ஒரு டிரைவர் அப்டேட்டர் சாஃப்ட்வேர இறக்கியிருக்கான், அது அவன் கார்டுக்கு ஒத்துவராத டிரைவர போட்டு வச்சிருக்கு, போதாக்குறைக்கு ஒவ்வொரு தடவ கம்ப்யூட்டர ஆன் பண்ணும்போதும் காசு கட்டுன்னு வேற கேக்குது. சரி பண்ண ஒரு முழு சாயங்காலம் ஆச்சு. அதனால மொதல்லயே சொல்லிடறேன், அந்த மாதிரி சாஃப்ட்வேர் எதுவும் உங்களுக்கு வேண்டாம். கார்டுல இருக்கற சிப்ப செஞ்ச கம்பெனியோட சைட்லயே டிரைவர் இலவசமா கெடைக்குது.

நிறைய பேர் இங்கதான் குழம்புவாங்க. கார்டு பெட்டி மேல ஆசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட்னு பேர் இருக்கும், ஆனா உள்ள இருக்கற சிப் பெரும்பாலும் என்விடியா இல்ல ஏஎம்டி, இப்ப இன்டெலும் தனி கார்டு போடறாங்க. டிரைவர் இந்த மூணு பேர்கிட்ட இருந்துதான் வரணும்.

ஸ்டெப் 1: உங்ககிட்ட என்ன கார்டு இருக்கு?

ஸ்டார்ட் பட்டன் மேல ரைட் கிளிக் பண்ணி டிவைஸ் மேனேஜர் போங்க, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்னு ஒண்ணு இருக்கும், அத விரிச்சா கார்டு பேர் தெரியும். லேப்டாப்ல ரெண்டு பேர் காட்டுனா பயப்படாதீங்க, ப்ராசஸரோட சேந்து வர்றது ஒண்ணு, தனி கார்டு ஒண்ணு, ரெண்டுக்கும் பெரும்பாலும் தனித்தனி டிரைவர். அங்க "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்"னு மட்டும் இருந்தா சரியான டிரைவரே இன்னும் ஏறலன்னு அர்த்தம்.

ஸ்டெப் 2: இப்ப இருக்கறது எந்த வெர்ஷன்?

அந்த பேர் மேல டபுள் கிளிக் பண்ணி டிரைவர் டேப் பாருங்க. என்விடியா கார்டா இருந்தா 32.0.15.6094 மாதிரி நீளமா ஒரு நம்பர் இருக்கும், ஆனா அவங்க சைட்ல 560.94னுதான் போட்டிருப்பாங்க. ரெண்டும் ஒண்ணுதான். புள்ளிய எல்லாம் விட்டுட்டு கடைசி அஞ்சு நம்பர மட்டும் எடுங்க, 56094, மூணாவது நம்பருக்கு அப்புறம் ஒரு புள்ளி வைங்க, அவ்ளோதான். இது தெரியாம, ஏற்கனவே புது டிரைவர் இருக்கும்போதே திரும்ப திரும்ப இறக்கறவங்கள நான் பாத்திருக்கேன்.

ஸ்டெப் 3: அப்டேட் தேவையான்னு யோசிங்க

புது கேம் வாங்கியிருக்கீங்க, ஸ்க்ரீன் மின்னுது, எடிட்டிங் சாஃப்ட்வேர் க்ராஷ் ஆகுது, இல்ல பாதுகாப்பு ஓட்டைய அடைச்சிருக்கோம்னு கம்பெனி அறிவிச்சிருக்காங்க, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா தாராளமா போடுங்க. எல்லாம் நல்லா ஓடிட்டு இருக்கும்போது வெர்ஷன் வந்த அன்னைக்கே போடணும்னு அவசியமே இல்ல, நான் ஒரு வாரம் பத்து நாள் பொறுத்து, யாருக்காவது பிரச்சினை வந்துச்சான்னு பாத்துட்டுதான் போடுவேன்.

ஸ்டெப் 4: டவுன்லோட்

என்விடியாவுக்கு என்விடியா ஆப்னு ஒண்ணு இருக்கு, பழைய ஜிஃபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸுக்கு பதிலா 2024ல வந்தது, அதுல டிரைவர்ஸ் பக்கம் போனா புது வெர்ஷன் தானா காட்டும். ஆப் வேண்டாம்னா சைட்லயே கார்டு சீரிஸ் செலக்ட் பண்ணி எடுக்கலாம், லேப்டாப்னா நோட்புக்ஸ்னு போட்ட சீரிஸ எடுக்க மறக்காதீங்க. கேம் ரெடி, ஸ்டுடியோன்னு ரெண்டு வகை கேக்கும்: புது கேம் ஆடறவங்களுக்கு மொதல் வகை, வீடியோ எடிட்டிங், 3டி வேலைன்னா ரெண்டாவது.

ஏஎம்டின்னா அட்ரினலின் சாஃப்ட்வேர், இன்டெல்னா டிரைவர் அண்ட் சப்போர்ட் அசிஸ்டன்ட், ரெண்டுமே கார்ட தானா கண்டுபிடிச்சிடும்.

லேப்டாப் வச்சிருக்கவங்க மட்டும் மொதல்ல லேப்டாப் கம்பெனி சைட்ல உங்க மாடல் நம்பர் போட்டு பாருங்க, சில மாடலுக்கு அவங்களே டிரைவர கொஞ்சம் மாத்தி குடுத்திருப்பாங்க, பொது டிரைவர போட்டா பிரைட்னஸ் மாதிரி சின்ன விஷயம் ஏதாவது படுத்தும். விண்டோஸ் அப்டேட்ல ஆப்ஷனல் அப்டேட்ஸ்லயும் டிரைவர் வரும், ஆனா அது பல சமயம் பழைய வெர்ஷனா இருக்கும், ஆஃபீஸ் வேலைக்கு போதும், கேமுக்கு பத்தாது.

ஸ்டெப் 5: இன்ஸ்டால்

அதுக்கு முன்னாடி, ஸ்டார்ட் மெனுல ரீஸ்டோர் பாயின்ட்னு தேடி ஒண்ணு கிரியேட் பண்ணிடுங்க, ஏதாவது சொதப்பினா விண்டோஸ இப்ப இருக்கற நிலைக்கே திருப்ப அது உதவும். லேப்டாப்ல சார்ஜர் சொருகுங்க, டெஸ்க்டாப்ல யுபிஎஸ் இல்லன்னா கரன்ட் போற நேரமா பாத்து ஆரம்பிக்காதீங்க. கேம், பிரவுசர் எல்லாம் மூடிடுங்க.

என்விடியா ஃபைல ரன் பண்ணா எக்ஸ்பிரஸ், கஸ்டம்னு ரெண்டு கேக்கும். சும்மா அப்டேட்னா எக்ஸ்பிரஸ் போதும், ஏற்கனவே ஏதாவது பிரச்சினை இருந்தா கஸ்டம் போய் க்ளீன் இன்ஸ்டலேஷன் டிக் பண்ணுங்க, பழைய செட்டிங்ஸ் எல்லாம் போயிடும், பரவால்ல. நடுவுல ஸ்க்ரீன் ரெண்டு மூணு தடவ கருப்பாகி வரும், ரெசல்யூஷன் பெருசா சின்னதா மாறும், அது நார்மல்தான், பயந்து பவர் பட்டன மட்டும் அமுக்கிடாதீங்க. முடிஞ்சதும் ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிட்டு ஸ்டெப் 2ல பாத்த எடத்துலயே வெர்ஷன் மாறிடுச்சான்னு பாருங்க.

ஏதாவது சொதப்பினா

ஸ்க்ரீன் அப்படியே உறைஞ்சு நின்னா விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், B நாலு கீயையும் சேத்து அமுக்குங்க, ஒரு பீப் சத்தம் வந்து டிரைவர் மட்டும் ரீசெட் ஆகும், ஓப்பன்ல இருக்கற வேலை பொதுவா போகாது.

புது டிரைவர்ல கேம் திக்கி திக்கி ஓடுதா? டிவைஸ் மேனேஜர்ல அதே டிரைவர் டேப்ல ரோல் பேக் டிரைவர் இருக்கு, அத அமுக்குனா பழசு வந்துடும். அது மங்கலா இருந்தா திரும்பி போக பழைய டிரைவர் இல்லன்னு அர்த்தம், அதுக்குதான் நல்லா ஓடுன வெர்ஷனோட இன்ஸ்டாலர் ஃபைல நான் அழிக்காம ஒரு ஃபோல்டர்ல வச்சிருப்பேன்.

அக்கா பையன் கம்ப்யூட்டருக்கு இதுவும் பத்தல. மொதல்ல அந்த அப்டேட்டர் சாஃப்ட்வேர அன்இன்ஸ்டால் பண்ணோம். சரியான டிரைவர இறக்கி வச்சிட்டு நெட்ட கட் பண்ணோம், இல்லன்னா விண்டோஸ் நடுவுல தானா ஒரு டிரைவர ஏத்திடும். அப்புறம் ஷிஃப்ட்ட அமுக்கிட்டே ரீஸ்டார்ட் குடுத்து சேஃப் மோட் (அத்தியாவசியமானத மட்டும் வச்சு விண்டோஸ் ஓடற மோட்) போயி, டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்ங்கற இலவச சாஃப்ட்வேர்ல பழசு எல்லாத்தையும் தொடச்சு எடுத்தோம், அவன் பிட்லாக்கர் (டிஸ்க்க பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி) போட்டிருந்ததால ரெக்கவரி கீ கேட்டுச்சு, அத முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதி வச்சிருந்தோம். திரும்ப நார்மலா பூட் ஆனதும் இறக்கி வச்ச டிரைவர போட்டோம், நெட்ட குடுத்தோம், கேம ஓப்பன் பண்ணான், அரை மணி நேரம் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன், ஒரு தடவ கூட கருப்பாகல.