நியூ ஜெர்சிக்கு வருகிறவர்களுக்கு: வீட்டைப் பார்ப்பதற்கு முன் டவுன்ஷிப்பைப் பாருங்கள்

நியூ ஜெர்சிக்கு வேலை மாற்றி வருகிறவர்கள் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு, அடுத்து கேட்பது இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோடு எவ்வளவு தூரம். இரண்டும் நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கும் முன்னால், பார்க்கிற வீடு எந்த டவுன்ஷிப்பில், அதாவது எந்த உள்ளாட்சியில், இருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளை போகும் பள்ளி, குப்பை எடுக்கும் ஏற்பாடு, சொத்து வரி, நூலக அட்டை, கொல்லைப்புறத்தில் வேலி போட அனுமதி என்று இங்கே அன்றாட வாழ்க்கையில் பாதி அந்த ஒரு எல்லைக்கோட்டை வைத்துத்தான் நடக்கிறது.

விலாசத்தில் இருக்கும் ஊர்ப்பெயரை நம்பிவிட முடியாது, அது தபால் துறை வைத்த பெயர். ஐசலின் என்பது உட்பிரிட்ஜ் டவுன்ஷிப், சாமர்செட் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் ஃபிராங்க்ளின், கெண்டல் பார்க் சவுத் பிரன்ஸ்விக்கில் இருக்கிறது, பிரின்ஸ்டன் ஜங்ஷன் இருப்பதோ வெஸ்ட் வின்ட்சரில். பிரின்ஸ்டன் என்று விலாசம் இருக்கும் சில வீடுகள் பிளெயின்ஸ்போரோவில் வரும், பிள்ளைகள் பிரின்ஸ்டன் பள்ளிகளுக்குப் போக முடியாது. (பிளெயின்ஸ்போரோ பள்ளிகளும் நல்ல பள்ளிகள்தான், ஆனால் தெரிந்து எடுப்பது வேறு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு தெரிந்துகொள்வது வேறு.) பள்ளி மாவட்டத்து அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுத் தெருப்பெயரைச் சொல்லுங்கள், உடனே சொல்லிவிடுவார்கள்.

மாநிலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மூன்று நான்கு மணி நேரத்தில் காரில் போய்விடலாம், அதற்குள் 21 கவுண்டிகள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), 564 உள்ளாட்சிகள். ஏன் இத்தனை என்றால், ஒரு காரணம் பள்ளிக்கூடச் சண்டை. 1894-ல் பள்ளிகளை டவுன்ஷிப் அளவில் ஒன்றாக்கச் சட்டம் வந்தது, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு நாம் ஏன் வரி கட்ட வேண்டும் என்று ஊர் ஊராகப் பிரிந்து பரோ என்ற தனிச் சிறு உள்ளாட்சி ஆனார்கள், பெர்கன் கவுண்டியில் மட்டும் ஓரிரு வருஷத்தில் 20-க்கும் மேல். இன்றும் சொத்து வரியில் ஏறக்குறைய பாதி பள்ளிக்குத்தான் போகிறது. நாட்டிலேயே அதிகமான சொத்து வரி இங்கேதான், ஒரு வீட்டுக்குச் சராசரி 2024-ல் வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. வீடு வாங்க நினைக்கிறவர்கள் மாதத் தவணையோடு இதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

அடுத்தது தண்ணீர். கிழக்கே ஹட்சன் ஆறும் அட்லாண்டிக் கடலும், மேற்கே டெலவேர் ஆறு, நடுவில் ராரிட்டன். 2012 அக்டோபரில் சாண்டி புயல் கடற்கரையைப் புரட்டிப்போட்டது, 2021 செப்டம்பர் 1 அன்று ஐடா புயலின் மழையில் மாநிலத்தில் 30 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் காரில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்கள். தண்ணீர் ஓடும் சாலையில் வண்டியை இறக்கவே இறக்காதீர்கள். வாடகைக்கு விடுகிறவர் வெள்ள அபாயம் இருந்தால் சொல்லியாக வேண்டும் என்று இப்போது சட்டம் இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள். அட்வான்ஸும் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு: வேறு மாநில லைசென்ஸ் வைத்திருந்தால் குடியேறி 60 நாளுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். பெட்ரோலை நாமே போடக் கூடாது, பங்கில் இருப்பவர்தான் போடுவார். சில சாலைகளில் இடது பக்கம் திரும்ப வலது பக்கம் ஒதுங்கி ஒரு வளைவில் சுற்றி வர வேண்டும், ஜக்ஹேண்டில் என்பார்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும். துணிக்கும் சமைக்காத மளிகைச் சாமானுக்கும் விற்பனை வரி இல்லை, மற்றதற்கு 6.625 சதவீதம். பெர்கன் கவுண்டியில் ஞாயிற்றுக்கிழமை துணிக்கடை திறக்காது.

கோடையில் கடற்கரைக்குப் போனால் அங்கேயும் டவுன்ஷிப் கதைதான், பெரும்பாலான ஊர்கள் மணலில் உட்காரப் பேட்ஜ் விற்கும், வைல்ட்வுட்டிலும் அட்லாண்டிக் சிட்டியிலும் இலவசம். ஆனால் கடலோடு நின்றுவிடாதீர்கள். தெற்கே பைன் பேரன்ஸ் என்று ஒரு பெரிய பைன் காடு, 1978-லிருந்து பாதுகாக்கப்பட்டது, தேயிலைக் கஷாய நிறத்தில் ஓடைகள், வெள்ளை மணல். புளூபெர்ரியை முதன்முதலில் தோட்டப் பயிராக்கியது அங்கேயுள்ள வைட்ஸ்பாகில், 1916-ல் முதல் விளைச்சலை விற்றார்கள். ஜூன் கடைசியில் பிள்ளைகளோடு தோட்டத்தில் நாமே பறிக்கலாம். எடிசனில் குடியிருந்தால் மென்லோ பார்க்கைப் பாருங்கள், 1879-ல் மின்விளக்கு எரிந்த இடம், அதை எரியவைத்த தாமஸ் எடிசனின் பெயரைத்தான் 1954-ல் ஊருக்கு வைத்தார்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்று பிரிட்ஜ்வாட்டர் பாலாஜி கோயிலுக்கு நாம் பொட்டும் புடவையுமாகப் போய் வருகிறோம். 1987-ல் ஜெர்சி சிட்டியில் பொட்டு வைத்தவர்களைக் குறிவைத்தே ஒரு கும்பல் அடித்தது, பக்கத்து ஹோபோகனில் ஓர் இந்திய இளைஞர் அடித்தே கொல்லப்பட்டார். அன்று தெருவில் இறங்கியும் மன்றங்களில் எழுந்தும் பேசியவர்களால்தான் நமக்கு இந்த நிம்மதி.

அதனால் விசாவில் இருக்கிறோம், ஓட்டு இல்லை, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். டவுன்ஷிப் கூட்டத்திலும் பள்ளி வாரியக் கூட்டத்திலும் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும், குடியுரிமை கேட்க மாட்டார்கள். எங்கள் குடியிருப்புக்கு எதிரே பிள்ளைகள் ரோட்டைக் கடக்கக் கோடு இல்லாமல் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு நானும் பக்கத்து வீட்டு அக்காவும் போய், பெயரையும் தெருவையும் சொல்லி, ஆளுக்கு மூன்று நிமிடம் பேசினோம். அடுத்த வசந்தத்தில் கோடு போட்டுவிட்டார்கள்.