பழைய பிக்கப் வாங்கப் போகிறீர்களா? பின்னாலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள்

முதன்முதலில் நான் வாங்கிய பழைய பிக்கப்பைக் கார் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். பானட்டைத் திறந்தால் இன்ஜின் கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் ஒரே அடியில் பிடித்தது. சீட் கவர் புதுசு, ஏசி சில்லென்று வந்தது. சரி, நல்ல வண்டி என்று பேசி முடித்துவிட்டேன். முழு லோடு ஏற்றிய முதல் நாளே வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. குனிந்து பார்த்தபோது பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டைகள் உடைந்திருந்தன, உடைந்த இடம் தெரியாதபடி மேலே கருப்புப் பெயின்ட். விற்றவரைத் திட்டி என்ன பயன்? வாங்கும்போது நான் ஒருமுறைகூடக் குனியவில்லை.

கார் ஓடித் தேயும். பிக்கப் சுமந்து தேயும். பின்னால் லோடு ஏற்றும் தொட்டி வெறுமையாகவே 1,50,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி, அளவுக்கு மீறிய லோடோடு 60,000 ஓடிய வண்டியைவிட நல்ல நிலையில் இருக்கலாம். மீட்டரில் இது தெரியாது. அடிப்பாகத்திலும் பின்பாதியிலும் தெரியும். அதனால் இந்த விளக்கத்தில் பானட் கடைசிப் பக்கம்தான் வரும்.

கிளம்புவதற்கு முன்

போனிலேயே விற்பவரிடம் இரண்டு விஷயம் பேசிவிடுங்கள். முதலாவது, நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்பது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். இரண்டாவது, இதில் என்ன ஏற்றினார்கள் என்ற கேள்வி. உப்பு, மீன், உரம் என்றால் இரும்பை அரித்திருக்கும். மணல், ஜல்லி, செங்கல் என்றால் பாரம் அளவை மீறியிருக்க வாய்ப்பு அதிகம். தொட்டி பாதி நிரம்புவதற்குள்ளேயே எடை எல்லையைத் தாண்டிவிடும். காலி அட்டைப்பெட்டியும் மெத்தையும் ஏற்றிய வண்டி கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

கையோடு ஒரு டார்ச், சின்னக் காந்தம் (பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது), ஸ்க்ரூடிரைவர், பழைய துணி, தரையில் விரித்துப் படுக்க ஓர் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் இருந்தால் அதுவும். பகலில் போங்கள். மழை பெய்யும்போது போகாதீர்கள். நனைந்த பெயின்ட்டில் எந்தக் குறையும் தெரியாது.

1. எண்கள் பொருந்துகிறதா?

வண்டியை ரசிப்பதற்கு முன் ஆவணத்தில் உள்ள சேஸ் எண்ணை வண்டியில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் 17 இடங்கள் இருக்கும். ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் அதில் வராது. 1, 0 என்ற எண்களோடு குழம்பக் கூடாது என்றுதான் அவற்றை விட்டுவிட்டார்கள். சேஸில் அடித்த எண், கதவுத் தூணில் உள்ள தகடு, ஆவணம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணைச் சுற்றித் தேய்த்த தடமோ புது வெல்டிங்கோ இருந்தால் பேச்சே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா, விற்பவர்தான் உரிமையாளரா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

அந்தத் தகட்டில் மொத்த எடை வரம்பு இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று தெரியும். உதாரணத்துக்கு வரம்பு 2,900 கிலோ, வண்டி 1,800 கிலோ என்றால் மிச்சம் 1,100. ஓட்டுநரும் உடன் வருபவர்களும் இந்த 1,100-க்குள் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் வேலைக்கு இது போதாது என்றால், வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது உங்களுக்கான வண்டி இல்லை.

2. பத்தடி தள்ளி நில்லுங்கள்

சமதரையில் நிறுத்தச் சொல்லி, நேர் பின்னால் நின்று பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா? அப்புறம் பக்கவாட்டுக்கு வந்து கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால், அல்லது இடப்பக்கம் ஓர் அளவும் வலப்பக்கம் வேறோர் அளவுமாக இருந்தால், சேஸ் வளைந்திருக்கலாம். தொட்டியைப் பிடிக்கும் ரப்பர் புஷ் தேய்ந்தாலும் இப்படித் தெரியும். எது காரணம் என்பது அடுத்த படியில் விளங்கிவிடும்.

3. அட்டையை விரித்துப் படுங்கள்

மொத்தம் அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் இருபது நிமிடத்தை இங்கே செலவழியுங்கள். பிக்கப் உயரமான வண்டி, தூக்காமலேயே நிறைய தெரியும். வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் மட்டும் ஒருபோதும் தலையை நுழைக்காதீர்கள்.

முதலில் சேஸ். முன்னாலிருந்து பின்வரை இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் அந்த இரும்புச் சட்டத்தின் மேல்தான் இன்ஜின், கேபின், தொட்டி எல்லாமே உட்கார்ந்திருக்கின்றன. மேலாகப் படிந்த பழுப்புத் துருவுக்குப் பயப்பட வேண்டாம். ஏடு ஏடாக உரியும் துருதான் ஆபத்து. சந்தேகப்படும் இடத்தை, விற்பவரிடம் சொல்லிவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்பு பொத்தென்று கேட்கும். பின் சக்கரத்துக்கு மேலே சேஸ் வளைந்து ஏறும் இடத்தையும், ஸ்பிரிங் மாட்டியிருக்கும் பிராக்கெட்டுகளையும் நிதானமாகப் பாருங்கள். சேறும் தண்ணீரும் தங்குவது அங்கேதான். சேஸ் முழுக்கப் புதுக் கருப்புப் பெயின்ட் அடித்திருந்தால் எனக்கு நம்பிக்கை கூடாது, குறையும். எதற்காக அடித்தீர்கள் என்று கேளுங்கள். சட்டத்தில் சுருக்கம், நெளிவு, கம்பெனி வேலை போல இல்லாத வெல்டிங், பக்கத்தில் வைத்துக் கட்டிய கூடுதல் தகடு ஆகியவை எல்லாம் விபத்துக்கோ அதிக பாரத்துக்கோ சாட்சி.

அடுத்தது பின் ஸ்பிரிங். ஒவ்வொரு பட்டையின் ஓரத்தையும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். விரிசல் கண்ணில் படுவதற்கு முன் விரலில் படும். காலி வண்டியிலேயே ஸ்பிரிங் முழுக்கத் தட்டையாகவோ தலைகீழாக வளைந்தோ இருந்தால், அது சுமந்து சோர்ந்துவிட்டது. சில மாடல்கள் கம்பெனியிலிருந்தே கொஞ்சம் தட்டையாக வரும், அதனால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிற்பாடு சேர்த்த கூடுதல் பட்டை தெரிகிறதா? சேர்த்தது குற்றமில்லை. ஆனால் இந்த வண்டி என்ன பாடு பட்டிருக்கிறது என்று அது சொல்லிவிடும். பட்டையைக் கூட்டியதால் சேஸோ ஆக்சிலோ பிரேக்கோ பலம் கூடிவிடாது. ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, பட்டைகள் நகர்ந்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு எண்ணெய்க் கசிவு. பின் ஆக்சிலின் நடுவில் உருண்டையாக இருப்பது டிஃபரன்ஷியல். அதன் முன்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமிருந்து வரும் நீளமான ஷாஃப்ட் நுழையும் இடத்தில் லேசான ஈரம் என்றால் சீல் மாற்றும் வேலை. சொட்டினால், உள்ளே ஆயில் குறைந்தபடியே ஓடியிருக்கலாம். பின் சக்கரங்களின் உட்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தால், பிரேக் லைனிங்கும் நனைந்திருக்க வாய்ப்புண்டு. கியர் நியூட்ரலில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஷாஃப்ட்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருகிப் பாருங்கள். முனையில் உள்ள கிராஸில், அதாவது சிலுவை வடிவ இணைப்பில், ஆட்டம் தெரிந்தால் அது தேய்ந்துவிட்டது.

4. தொட்டி

பிளாஸ்டிக் லைனரோ ரப்பர் விரிப்போ இருந்தால் தூக்கிப் பாருங்கள். தொட்டியில் கீறலும் சொட்டையும் இருப்பது இயல்பு, வேலை செய்த வண்டிதானே. ஓட்டை இருக்கக் கூடாது. பின் கதவு ஒரு கையால் மூடித் தாழிட முடிகிறதா? இழுவைக் கொக்கி இருந்தால், டிரெய்லரில் எவ்வளவு எடை இழுத்தார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேளுங்கள். கிளட்சும் கியர்பாக்ஸும் அதைப் பொறுத்தது.

5. டயர்

பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன், அதாவது தரையில் படும் வெட்டு, ஆழமாக இருந்தாலும் பத்து வருடத்து ரப்பரை நம்பி லோடு ஏற்றக் கூடாது. முன் டயர் உள்ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், பால் ஜாயின்ட், புஷ் மூன்றில் ஏதோ ஒன்றில் கோளாறு.

6. இப்போது பானட்டைத் திறக்கலாம்

திறக்கும் முன் உள்ளங்கையை அதன் மேல் வையுங்கள். வண்டி வெயிலில் நிற்காமலே சூடாக இருந்தால், கேட்டுக்கொண்டும் ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் பிடிக்கத் திணறுவதையும், பிடித்ததும் கக்கும் புகையையும் மறைக்க அதுதான் சுலபமான வழி.

ஆயில் மூடியைக் கழற்றுங்கள். உட்புறம் காப்பி நுரை போலப் படிந்திருந்தால் தண்ணீர் கலக்கிறது. குறைந்த தூரமே ஓடும் வண்டியில் குளிர்காலத்தில் மூடியில் மட்டும் இது வரலாம், ஆனால் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அப்படி இருந்தால், இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் மேல்தான் சந்தேகம். டீசல் இன்ஜினில் ஆயில் கருப்பாக இருப்பது சாதாரணம், அதைக் காட்டிப் பேரம் பேசினால் சிரிப்பார்கள். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறங்கள். கூலன்ட்டில் எண்ணெய் மிதக்கக் கூடாது.

நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். டீசல் வண்டி குளிரில் கொஞ்சம் வெள்ளைப் புகை விட்டு அடங்கினால் பரவாயில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அடங்காத, இனிப்பு வாடையுள்ள வெள்ளைப் புகை என்றால் கூலன்ட். ஆக்சிலரேட்டரை மிதித்தால் கட்டிக் கட்டியாகக் கருப்புப் புகை வந்தால் இன்ஜெக்டர், டர்போ, காற்று வரும் வழி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றி அதே துளை மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக அசைந்தால் சரி. குதித்து விழுந்து, துளையிலிருந்து புகையும் விட்டுவிட்டு அடித்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரின் அழுத்தம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜினாக இருக்கலாம். மாடலுக்கு மாடல் இது மாறும் என்பதால், இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள்.

7. ஓட்டிப் பாருங்கள்

பேச்சையும் பாட்டையும் நிறுத்துங்கள். முடிந்தால் கொஞ்சம் லோடோடு ஓட்டுங்கள். காலி பிக்கப் எப்படியும் துள்ளும், அதை வைத்து சஸ்பென்ஷனை எடை போட முடியாது. கிளட்சைச் சோதிக்க, நடுத்தர வேகத்தில் மேல் கியர் போட்டு ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஆட்டோமேட்டிக் என்றால், டிரைவ் போட்டதும் ரிவர்ஸ் போட்டதும் தாமதமில்லாமல், இடிக்காமல் பிடிக்க வேண்டும். நேர்ச் சாலையில் ஸ்டீயரிங்கைத் தளர்வாகப் பிடித்து பிரேக் அடியுங்கள். ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. பின்னாலிருந்து வேகத்தோடு சேர்ந்து ஏறும் ஊளை கேட்டால் பேரிங், டிஃபரன்ஷியல், டயர் இவற்றில் ஒன்று.

பிக்கப்பில் பிக்கப் இல்லையே என்று தோன்றினாலும் உடனே இன்ஜினைக் குறை சொல்லாதீர்கள். அடைத்த ஃபில்டர்கூடக் காரணமாக இருக்கலாம்.

ஃபோர் வீல் வண்டியாக இருந்தால் அதைப் போட்டுப் பார்க்காமல் வராதீர்கள். பல வண்டிகளில் அந்த லீவரை ஆண்டுக்கணக்கில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். மண்தரையிலோ ஜல்லித் தரையிலோ ஹை, லோ இரண்டையும் போட்டு நேராக ஓட்டுங்கள். தேவைக்கு மட்டும் போடும் வகை ஃபோர் வீலைக் காய்ந்த தார்ச் சாலையில் போட்டுத் திருப்பினால் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும், அது வண்டியின் குறை இல்லை.

8. ஸ்கேனரும் மெக்கானிக்கும்

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பும்போது இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கையே பிடுங்கியிருக்கலாம். ஸ்கேனரில் கோளாறு எதுவும் காட்டாமல், சுயசோதனைகள் பலவும் முடியவில்லை என்று வந்தால், சமீபத்தில் யாரோ கோளாறுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். இரண்டில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவும் தேறினால், முன்பணம் கொடுக்கும் முன், விற்பவருக்குத் தெரியாத ஒரு மெக்கானிக்கிடம் லிஃப்ட்டில் ஏற்றிக் காட்டுங்கள். மறுத்தால் வேறு வண்டி பார்க்கலாம். டயர், பேட்டரி, பிரேக் லைனிங், கிளட்ச் எல்லாம் விலையைக் குறைத்துப் பேசுவதற்கான குறைகள். சேஸில் விரிசல், பொருந்தாத எண், ஆயிலில் தண்ணீர் இந்த மூன்றுக்கும் பேரம் கிடையாது.

வாங்கி வந்ததும் இன்ஜின் ஆயிலோடு கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஃபோர் வீல் இருந்தால் அதன் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். முதல் நடைக்குப் பாதி லோடுதான். இறக்கிய பிறகு அதே அட்டையை விரித்து இன்னொரு முறை அடியில் பாருங்கள்.