பட்டறையில் பிறந்த கார்களிடம் செய்யக்கூடாத தவறுகள்

1950களில் அமெரிக்கப் பட்டறைகளில் கையால் மாற்றிக் கட்டிய கார்களைப் பார்த்ததும், "இது ஒரிஜினலா?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஹிரோஹாட்டா மெர்க் என்ற காரைப் பாருங்கள். ஃபோர்டு நிறுவனத்தின் மெர்குரி வரிசையில் வந்த 1951ஆம் ஆண்டு கார் அது. பாப் ஹிரோஹாட்டாவுக்காக, கலிபோர்னியாவில் சாம், ஜார்ஜ் பாரிஸ் சகோதரர்கள் 1952இல் அதை மாற்றிக் கட்டினார்கள். கூரையை அறுத்து முன்பக்கம் 4 அங்குலமும் பின்பக்கம் 7 அங்குலமும் இறக்கினார்கள். கதவை ஒட்டிய நடுத்தூணையே எடுத்துவிட்டார்கள். பக்கவாட்டுப் பட்டை பியூக் காருடையது, பின்விளக்கு லிங்கனுடையது. "பாகங்கள் மாறியிருக்கின்றன" என்று இதைத் தள்ளினால், காரையே தள்ளியதாகும். சேசிஸ் எண்ணும் பழைய மெர்குரியை மட்டுமே காட்டும். யார் கட்டினார்கள் என்பதற்கு வேலை நடந்தபோது எடுத்த படங்கள், ரசீதுகள், உள்ளே மறைந்திருக்கும் வெல்டிங் தடங்கள் ஆகியவைதான் சாட்சி.

உருவத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. இத்தாலியின் கியா (Ghia) நிறுவனம் கட்டிய 1955ஆம் ஆண்டு லிங்கன் ஃபியூச்சுரா என்ற காட்சிக் கார்தான் பின்னர் ஜார்ஜ் பாரிஸ் கையில் பேட்மேன் தொலைக்காட்சித் தொடரின் பேட்மொபைல் ஆனது. மூலக் கார் ஒன்றுதான்; கண்காட்சிகளில் சுற்றியவற்றில் ஃபைபர் கிளாஸ் நகல்களும் உண்டு.

எனக்கு மிகவும் வலிப்பது, வாங்கிய கையோடு பெயிண்டைச் சுரண்டும் அவசரம். இன்று டிங்கரிங் முடிந்ததும் பட்டி பூசுகிறோம். அன்று காரீயமும் வெள்ளீயமும் கலந்த கட்டியை நெருப்பில் இளக்கி, மரத்துடுப்பால் தடவி, அரத்தால் இழைத்தார்கள். கட்டியவரின் கை அந்த ஈயத்தில்தான் பதிந்திருக்கிறது. அதன்மேல் நெருப்பைக் காட்டினால் 180 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இளகத் தொடங்கி, வளைவு குலைந்துவிடும். கிரைண்டர் ஓட்டினாலோ நஞ்சான காரீயத்தூள் மூச்சில் ஏறும். பெயிண்டும் ஆவணம்தான்: மறைவான ஓரிடத்தில் நாணய அளவுக்கு மென்மையாகத் தேய்த்தால், பூசிய நிறங்கள் வளையம் வளையமாகத் தெரியும். அதைப் படம் எடுத்து வைத்த பிறகே மற்ற வேலை.

1959இல் ஓர் இளைஞர் அந்த ஹிரோஹாட்டா மெர்க்கை 500 டாலருக்கு வாங்கினார். பாகம் பாகமாகப் பிரித்து விற்காமல் பல பத்தாண்டுகள் வைத்திருந்து, பாரிஸ் சகோதரர்கள் கட்டிய வடிவத்துக்கே மீட்டார். 2022இல் அது ஏலத்தில் 21 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது.