செஸ்னா மணி நேரங்களை வீணாக்காதீர்கள்

ஏர்லைன் வேலைக்குப் போகும் அவசரத்தில், செஸ்னா 152 என்ற சிறு பயிற்சி விமானத்தில் பறக்கும் மணி நேரங்களை வெறுமனே எண்ணித் தீர்க்காதீர்கள். கை பழகுவது அங்கேதான்.

முதலில் ரட்டர், அதாவது காலால் இயக்கும் வால் சுக்கான். திரும்பும்போது டர்ன் கருவியின் வளைந்த குழாயில் உருளும் பந்து எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ, அந்தப் பக்கக் காலை அழுத்துங்கள். போகப்போகப் பந்தைப் பார்க்கவே வேண்டாம். இருக்கையில் உடம்பு சரிவதே சொல்லிவிடும். எனக்கு அது பிடிபட 20 மணி நேரம் ஆனது.

அடுத்து, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, நல்ல உயரத்தில் சைடுஸ்லிப், அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கி இறக்குவது. பிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) மேலே, இன்ஜின் ஐடில் (மிகக் குறைந்த வேகத்தில்). இடது இறக்கையைத் தாழ்த்தி வலது காலை மிதியுங்கள். மூக்கைத் தூக்கிவிடாதீர்கள், வேகமானி அப்போது தப்பாகக் காட்டலாம். வேகம் கூடாமலே உயரம் கரையும்.

ஜெட்டில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கிம்லி கதை. 1983 ஜூலை 23 அன்று கனடாவில், நடுவானில் எரிபொருள் தீர்ந்துபோன போயிங் 767-ஐ, கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் கேப்டன் பாப் பியர்சன் இப்படிச் சறுக்கித்தான் இறக்கினார். அவர் கிளைடர் என்ற இன்ஜின் இல்லாத விமானம் ஓட்டிப் பழகியவர். 69 பேரும் பிழைத்தார்கள்.

வாய்ப்புக் கிடைத்தால் கிளைடரிலும் சில மணி நேரம் பறந்துவிடுங்கள்.