ஊருணியில் எத்தனை குடம் தண்ணீர்? டபுள் இன்டெக்ரல் போடும் வழி

எங்கள் ராமநாதபுரம் பக்கம் ஊருணியில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று கேட்டால் யாரும் லிட்டரில் சொல்ல மாட்டார்கள். படித்துறைப் பக்கம் இடுப்பளவு, கொஞ்சம் தள்ளிப் போனால் கழுத்தளவு, அந்தக் கோடி மூலையில் ஆள் முங்கும், அவ்வளவுதான் பதில். முதல் செமஸ்டரில் மல்டிபிள் இன்டெக்ரல் யூனிட்டைப் பார்த்து நான் அரண்டு கிடந்தபோது யாராவது இந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு, "நிற்கிற இடத்தைச் சொன்னால் ஆழத்தைச் சொல்கிறார்கள் பார், இரண்டு மாறிகள் உள்ள சார்பு என்பது இதுதான்" என்று சொல்லியிருந்தால் அந்தத் தாளில் எனக்கு அரியர் விழுந்திருக்காது. சூத்திரமெல்லாம் மனப்பாடமாக இருந்தது, எதைக் கூட்டுகிறோம் என்பதுதான் தெரியவில்லை. அதனால் ஊருணியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான்கு பக்கமும் செங்குத்தாகக் கல் கட்டிய ஊருணி, நீளம் 60 மீட்டர், அகலம் 40 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்துறை மூலையிலிருந்து நீளவாட்டில் போகிற தூரம் எக்ஸ், அகலவாட்டில் போகிற தூரம் ஒய். அடித்தரை ஒரே சீராகச் சரிந்து போகிறது, எந்த இடத்திலும் ஆழம் மீட்டரில் இப்படி:

ஆழம் = 1 + எக்ஸ்/30 + ஒய்/40

படித்துறை மூலையில் எக்ஸும் ஒய்யும் பூஜ்யம், ஆழம் 1 மீட்டர். எதிர் மூலையில் 1 + 2 + 1, ஆக 4 மீட்டர். மொத்தத் தண்ணீர் எவ்வளவு?

சீலா மீனை வெட்டுகிறவர் கையைப் பார்த்திருப்பீர்கள். முழு மீனைக் குறுக்கே துண்டு துண்டாகப் போடுகிறார், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முகம், அந்த முகத்தின் பரப்பைத் துண்டின் கனத்தால் பெருக்கினால் அந்தத் துண்டின் கன அளவு, எல்லாத் துண்டையும் கூட்டினால் மீன். ஊருணியையும் அப்படியே வெட்டுங்கள். டபுள் இன்டெக்ரல் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இன்டெக்ரல், அதாவது இரண்டு முறை தொகையிடுவது. ஏதோ ஒரு ஒய்யில் நின்றுகொண்டு நீளவாட்டில் ஒரு வெட்டு போட்டால் கிடைக்கிற முகத்தின் பரப்புதான் உள்ளே இருக்கிற இன்டெக்ரல். அதைப் போடும்போது ஒய் அசையாது, வெறும் எண் மாதிரி கம்மென்று உட்கார்ந்திருக்கும்.

உள்ளே: ∫ (1 + எக்ஸ்/30 + ஒய்/40) டி.எக்ஸ், 0 முதல் 60 வரை
= எக்ஸ் + எக்ஸ்²/60 + எக்ஸ்·ஒய்/40, இதில் 60ஐப் போட்டால்
= 60 + 60 + 1.5 ஒய் = 120 + 1.5 ஒய்

இந்த 120 + 1.5 ஒய் என்பது சதுர மீட்டர். படித்துறைச் சுவரை ஒட்டி வெட்டினால் முகம் 120 சதுர மீட்டர், எதிர்ச் சுவரை ஒட்டி வெட்டினால் 180. இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் கைவேலைதான். இனி அந்த முகங்களைக் கூட்டுவது:

வெளியே: ∫ (120 + 1.5 ஒய்) டி.ஒய், 0 முதல் 40 வரை
= 120 × 40 + 0.75 × 1600 = 4800 + 1200 = 6000 கன மீட்டர்

அதாவது 60 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 500 நடை. குடத்துக்கு 15 லிட்டர் என்றால் நாலு லட்சம் குடம். கோடையில் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடைசி எண்தான் உறைக்கும்.

மீனை நெடுக்காக வெட்டினாலும் எடை மாறப்போவதில்லை, இல்லையா. முதலில் டி.ஒய் போட்டுப் பாருங்கள்: உள்ளே 60 + 4எக்ஸ்/3 வரும், அதை 0 முதல் 60 வரை போட்டால் 3600 + 2400, அதே 6000. செவ்வகத்தின் மேல் தொடர்ச்சியான சார்பு என்றால் எந்த வரிசையில் போட்டாலும் விடை ஒன்றுதான். இதன் பொதுவான வடிவத்தை 1907ல் இத்தாலிக்காரர் குய்டோ ஃபூபினி நிரூபித்தார், அதனால் அவர் பெயரிலேயே தேற்றம் இருக்கிறது. அதே இத்தாலியில் கவலியேரி என்பவர் 1635லேயே, இரண்டு திண்மங்களை ஒரே உயரத்தில் வெட்டும்போதெல்லாம் முகங்கள் சமமாக இருந்தால் கன அளவும் சமம் என்று எழுதிவிட்டார், அது நம்ம மீன்காரர் கணக்குதான்.

விடை வந்ததும் ஒரு சோதனை போட்டுவிடுங்கள், பத்து விநாடி ஆகாது. பரப்பு 2400 சதுர மீட்டர், குறைந்த ஆழம் 1, அதிக ஆழம் 4, ஆகவே விடை 2400க்கும் 9600க்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். பரீட்சையில் இந்த வரம்புக்கு வெளியே விடை எழுதிவிட்டுப் போனவர்களில் நானும் ஒருவன்.

சரி, தரை செவ்வகமாக இல்லாவிட்டால்? இங்கேதான் பாதிப் பேர் கவிழ்கிறார்கள், லிமிட் எழுதுவதில், அதாவது எங்கிருந்து எங்கு வரை கூட்டுவது என்ற எல்லையை எழுதுவதில். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்குப் போயிருந்தால் படம் தானாக வரும். நிலம் குறுகிக் குறுகி ஒரு முனையில் முடிகிறது, ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, எங்கள் ஆட்கள் பேச்சில் ஆண் கடல், மறு பக்கம் அலை அடங்கிய பெண் கடல். அங்கே ஒரு குட்டி முக்கோண மணல் திட்டு என்று வையுங்கள். முனையைப் பூஜ்யமாக வைத்து, ராமேஸ்வரம் நோக்கி எக்ஸ் 0 முதல் 2 வரை போகிறது. ஆண் கடல் கரை ஒய் = 0 என்ற கோடு, பெண் கடல் கரை ஒய் = எக்ஸ் என்ற கோடு, பின்பக்கம் எக்ஸ் = 2 என்ற கோட்டில் வெட்டுப்பட்டு நிற்கிறது. மணலின் உயரம் ஈ-யின் (சுமார் 2.718 என்ற எண்) அடுக்கில் மைனஸ் எக்ஸ்², அதாவது முனையில் 1 மீட்டர், உள்ளே வர வர மளமளவென்று தாழ்கிறது.

லிமிட்டுக்கு ஒரே வழி, படத்தைப் போட்டு அதன் மேல் ஒரு அம்பை இழுப்பது. டி.ஒய் முதலில் என்றால் அம்பு ஒய் திசையில் போகும். அது எந்தக் கரையில் நுழைகிறது? ஆண் கடல் கரை, ஒய் = 0. எந்தக் கரையில் வெளியேறுகிறது? பெண் கடல் கரை, ஒய் = எக்ஸ். அவ்வளவுதான் உள் லிமிட். இந்த மாதிரி அம்புகள் எங்கிருந்து எங்கு வரை இழுக்கலாம் என்பது வெளி லிமிட், எக்ஸ் 0 முதல் 2 வரை. வெளி லிமிட்டில் எப்போதும் வெறும் எண்கள்தான் இருக்க வேண்டும், அங்கே எக்ஸோ ஒய்யோ எட்டிப் பார்த்தால் கணக்கு அப்போதே தப்பு, அடித்துவிட்டு மறுபடி படத்துக்குப் போங்கள்.

இதையே டி.எக்ஸ் முதலில் போட்டால் அம்பு குறுக்கே திரும்புகிறது: எக்ஸ் = ஒய்யில் நுழைந்து எக்ஸ் = 2ல் வெளியேறும், ஒய் 0 முதல் 2 வரை. லிமிட் சரிதான், ஆனால் ஈ-யின் அடுக்கில் மைனஸ் எக்ஸ்² என்பதை எக்ஸைப் பொறுத்துத் தொகையிட நமக்குத் தெரிந்த சார்புகளில் விடையே கிடையாது, எத்தனை பக்கம் எழுதினாலும் வராது. வரிசையை மாற்றுங்கள். டி.ஒய் முதலில் என்றால் அந்தச் சார்பில் ஒய்யே இல்லை, எனவே அது அப்படியே எக்ஸால் பெருக்கப்பட்டு வெளியே வரும்; எக்ஸ் × ஈ-யின் அடுக்கில் மைனஸ் எக்ஸ் ஸ்கொயர் என்பதைப் பள்ளிப் பையன்கூடப் போட்டுவிடுவான். விடை (1 − ஈ-யின் அடுக்கில் மைனஸ் 4) / 2, ஏறக்குறைய 0.49 கன மீட்டர். கேள்வித்தாளில் "வரிசையை மாற்றி மதிப்பிடுக" என்று வருவது வாத்தியாரின் குறும்பு என்று வெகு நாள் நினைத்திருந்தேன். மாற்றும்போது பழைய லிமிட்டுகளை இடம் மாற்றி ஒட்டினால் போதும் என்றும் நினைத்திருந்தேன். ஒட்டக் கூடாது, அம்பை மறுபடி இழுக்க வேண்டும்.

வட்டமான குட்டை என்றால் எக்ஸ், ஒய் இரண்டையும் விட்டுவிட்டு ஆர், தீட்டாவுக்குப் போய்விடுங்கள்; ஆர் என்பது நடுப்புள்ளியிலிருந்து தூரம், தீட்டா என்பது சுற்றிவருகிற கோணம். ஆரம் 10 மீட்டர், நடுவில் ஆழம் 2 மீட்டர், கரைக்கு வர வர சட்டி மாதிரி வளைந்து பூஜ்யமாகிறது: ஆழம் = 2(1 − ஆர்²/100). இங்கே எல்லோரும் மறக்கிற சமாச்சாரம், சிறு துண்டின் பரப்பு டி.ஆர் டி.தீட்டா கிடையாது, ஆர் டி.ஆர் டி.தீட்டா. அந்த ஒரு ஆர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சாயல்குடிப் பக்கம் போய் ஒரு பனை ஓலையை விரித்துப் பாருங்கள். மட்டையை ஒட்டி இரண்டு ஈர்க்குகளுக்கு நடுவே இடைவெளி விரல் நுழையாது, நுனிப் பக்கம் அதே இரண்டு ஈர்க்குகளுக்கு நடுவே கையே போகும். கோணம் ஒன்றுதான், தூரம் கூடக் கூட அகலம் கூடுகிறது. அந்த அகலம்தான் ஆர் டி.தீட்டா.

உள்ளே: ∫ 2(1 − ஆர்²/100) ஆர் டி.ஆர், 0 முதல் 10 வரை
= 100 − 50 = 50
வெளியே: தீட்டா 0 முதல் 2பை வரை, ஆக 50 × 2பை = 100பை, சுமார் 314 கன மீட்டர்

ஆர் விட்டுப்போனால் சுமார் 83.8 வரும். அலகைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: ஆழம் மீட்டர், டி.ஆர் மீட்டர், தீட்டாவுக்கு அலகே இல்லை, ஆக வந்திருப்பது சதுர மீட்டர். தண்ணீரைச் சதுர மீட்டரில் யாரும் அளக்க முடியாது. இன்னொன்று, இதே வட்டம் நேர்ச்சுவராக இருந்தால் 628, புனல் மாதிரி நேர்கோட்டில் சரிந்தால் 209, சட்டி மாதிரி என்றால் சரியாகப் பாதி. நம் 314 அந்தப் பாதிதான்.

நிஜ ஊருணியில் யாரும் சூத்திரம் எழுதிவைக்கவில்லையே என்பீர்கள். கயிற்றில் கல்லைக் கட்டுங்கள், கடலில் பாகம் பார்ப்பது, அதாவது ஆழம் அளப்பது மாதிரிதான். 60 × 40ஐ 20 மீட்டர் சதுரங்களாகப் பிரித்தால் ஆறு கட்டம், ஒவ்வொன்றின் நடுவிலும் கயிற்றை இறக்கி ஆழத்தைக் குறியுங்கள். மேலே போட்ட ஊருணியில் அப்படி அளந்தால் 1.58, 2.25, 2.92, 2.08, 2.75, 3.42 என்று வரும், கூட்டினால் 15, ஒரு கட்டத்தின் பரப்பு 400, பெருக்கினால் 6000. சீராகச் சரிகிற தரை என்பதால் அச்சு அசலாக வந்துவிட்டது. தூர்வாரும்போது நடுவில் பள்ளம் பறித்திருந்தால் இவ்வளவு சுத்தமாக வராது, கட்டத்தைச் சின்னதாக்கிக்கொண்டே போக வேண்டியதுதான், டபுள் இன்டெக்ரல் பிறந்ததே அப்படித்தான்.

கடைசியாக ஒரு கண்ணி. கார்த்திகையில் நிறைந்த அதே ஊருணி சித்திரையில் 2 மீட்டர் இறங்கிவிட்டது. ஆழம் இப்போது எக்ஸ்/30 + ஒய்/40 − 1. பழைய லிமிட்டிலேயே போட்டால் 6000 − 4800 = 1200 என்று விடை வரும், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படித்துறை மூலையில் தரை காய்ந்து கிடக்கிறது, அங்கே சார்பு மைனஸில் போகிறது, இன்டெக்ரல் பாட்டுக்கு அந்த மைனஸையும் சேர்த்துக் கூட்டிவிட்டது. காய்ந்த இடம் எது என்று படம் போட்டால் எக்ஸில் 30, ஒய்யில் 40 என்று வெட்டுகிற ஒரு முக்கோணம். அம்பை ஒய் திசையில் இழுங்கள்: ஒய் = 0ல் நுழைந்து ஒய் = 40(1 − எக்ஸ்/30)ல் வெளியேறும், எக்ஸ் 0 முதல் 30 வரை. அந்த முக்கோணத்தின் மேல் 1 − எக்ஸ்/30 − ஒய்/40ஐத் தொகையிட்டால், உள்ளே 20(1 − எக்ஸ்/30)², வெளியே 200. இல்லாத தண்ணீர் 200 கன மீட்டரைக் கழித்துவைத்திருக்கிறோம், திருப்பிச் சேர்த்தால் உண்மையில் கிடப்பது 1400. வித்தியாசம் இரண்டு லட்சம் லிட்டர், சித்திரையில் பதினாறு லாரிக்கு மேல்.